பார்பரா ஜான்ஸுக்கு ஒரு சிலை

அமெரிக்காவின் விர்ஜீனியா மாநிலத்து ஃபார்ம்வில் ஊரில், நீக்ரோப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த மோட்டன் உயர்நிலைப் பள்ளியில், தார்க்காகிதம் போர்த்திய கொட்டகைகளின் கூரை ஒழுக, கணப்படுப்பின் அருகிருந்தோர் வெந்து தவிக்க, தள்ளியிருந்தோர் குளிரில் விறைக்க வித்தியாப்பியாசம் நடந்துவந்த காலத்தில், 1951 ஏப்ரல் 23 அன்று, பதினாறே பிராயமுடைய பார்பரா ஜான்ஸ் சக மாணவர்களைத் திரட்டிப் பகிஷ்காரம் தொடங்கினார். அதிலிருந்து பிறந்த வழக்கு, பள்ளிகளில் நிறபேதம் அரசியல் சட்டத்துக்கு விரோதமென்று சுப்ரீம் கோர்ட் 1954இல் அளித்த தீர்ப்பில் அடங்கிய ஐந்து வழக்குகளுள் ஒன்று. நியாயத்துக்குப் பணிய மனமின்றி அவ்வட்டார நிர்வாகம் 1959 முதல் 1964 வரை பொதுப் பள்ளிகளையே இழுத்து மூடியது, மன்னிக்கத் தகாத பாதகம். வாஷிங்டன் நாடாளுமன்ற மாளிகையில் விர்ஜீனியாவின் சார்பில் நின்ற அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலங்களின் தளபதி ராபர்ட் லீயின் சிலையை 2020இல் அகற்றிவிட்டு, அந்த ஸ்தானத்துக்கு இம்மாணவியைத் தேர்ந்தெடுத்தது, தாமதித்து வந்த கௌரவமேயெனினும், என் மனத்துக்குப் பரிபூரண சந்தோஷம் அளிக்கிறது.