கடலடி வெள்ளி யாருக்கு?

ஃபிக்ஹுப் பாடத்தில் ‘லுகதா’, அதாவது கண்டெடுத்த பொருளின் சட்டங்களை நடத்திக் கொண்டிருந்தேன். “மூழ்கிய கப்பலில் கண்டெடுத்தால், ஹஜ்ரத்?” என்றார் ஒரு மாணவர்.

வெறும் கற்பனைக் கேள்வியன்று அது. இலங்கையின் தென்கிழக்குக் கடலில் கலங்கரை விளக்கம் நிற்கும் கிரேட் பேசஸ் பாறைத்திட்டருகே, 1961-இல் மைக் வில்சன் என்பவரும் இரு அமெரிக்கச் சிறுவர்களும் மூழ்கியபோது பீரங்கிகளையும் வெள்ளி நாணயங்களையும் கண்டனர். 1963-இல் எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கின் குழுவினர் காற்றுக்கலன்களைச் சுமந்து மீண்டும் மூழ்கினர்.

அவை சூரத்தில் அச்சிடப்பெற்ற ஔரங்கசீப் கால ரூபாய்கள். ஆண்டு ஹிஜ்ரி 1113. (பலர் கைபட்டு மாசுறலாகாது என்று நாணயத்தில் கலிமா பொறிப்பதை நிறுத்தியவர் அப்பேரரசர்.) சாக்குகள் மக்கிவிட்டன. ஆயினும் ஆயிரம் ஆயிரமாக நாணயங்கள் சாக்கின் வடிவிலேயே இறுகிக் கட்டிகளாகக் கிடந்தன. யாரோ ஒரு கை எண்ணிக் கட்டிய முதல் அது!

இத்தகைய பொருள் மூழ்கி எடுத்தவருக்கே சேரும் என்றார்கள் ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்கள். இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களோ, உரியவரின் உடைமை கடலில் விழுந்ததால் நீங்கிவிடாது என்றார்கள். அந்தச் சாக்கு வடிவத்தை எண்ணும்போது என் மனம் பின்னதன் பக்கமே சாய்கிறது. கரையில் எத்தனை வீட்டார் அக்கப்பலுக்காகக் காத்திருந்தனரோ!

“கப்பலின் பெயரே தெரியவில்லையே ஹஜ்ரத், வாரிசுகளை எங்கே தேடுவது?” என்றார் அம்மாணவர்.

அஸர் பாங்கு சொல்லும்வரை அடுத்த பக்கத்தைப் புரட்ட இயலவில்லை.