ஆய்வு மாணவரின் எழுத்தை யார் படிக்கிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

கலைக் கல்லூரி ஒன்றில் வரலாறு கற்பிக்கிறேன். முனைவர் பட்ட நெறியாளராகவும் இருக்கிறேன். என்னிடம் ஆய்வு செய்யும் மாணவி ஒருவர், குளத்துப் பாசன உரிமைகள் குறித்த பழைய ஆவணங்களைத் தேடித் திரட்டி வைத்திருக்கிறார். முதல் தலைமுறைப் பட்டதாரி. தரவும் இருக்கிறது, தெளிவும் இருக்கிறது. அதை வாதமாகக் கோத்து எழுதும் பயிற்சியைத்தான் பள்ளியிலும் கல்லூரியிலும் யாரும் அவருக்குத் தரவில்லை. ஆகவே முனைவர் பட்டப் படிப்பின் பாடப் பகுதியான கோர்ஸ் ஒர்க்கில் ஒரு தாளை, ஆய்வெழுத்துக்கான தனிப்பயில் தாளாக எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டார். ஒரு பருவம் முழுக்க வாரந்தோறும் சில பக்கங்கள் எழுதுவார். நானும் தமிழ்த்துறை நண்பர் ஒருவரும் படித்துத் திருத்துவோம். அவர் மறுபடி எழுதுவார். இரண்டு கிரெடிட். கேட்டது இவ்வளவுதான்.

அப்படியொரு தாளுக்குக் குறியீட்டு எண் இல்லை, பாடத்திட்டக் குழு கூடித்தான் முடிவெடுக்க முடியும், அதுவரை ஏதாவது இணையவழிப் படிப்பில் சேர்ந்து கிரெடிட்டைச் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்று பல்கலைக்கழக அலுவலகத்திலிருந்து பதில் வந்தது.

இந்தப் பதிலை வன்மையாகக் கண்டிக்கிறேன். இணையவழிப் படிப்புகள் மீது எனக்குப் பகை இல்லை. ஆனால் காணொளி பார்த்து, நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தேறிவிட்டால் எழுத வந்துவிடுமா? எழுதியதை ஒருவர் உட்கார்ந்து படித்து, இந்த இடத்தில் சான்று போதவில்லை, இந்தப் பத்தி முந்தையதோடு ஒட்டவில்லை என்று சொன்னால்தான் வரும்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிமுறைகள் கோர்ஸ் ஒர்க்குக்குக் குறைந்தது 12 கிரெடிட் கேட்கின்றன. எந்தத் துறை ஆய்வாளரானாலும் பெற வேண்டிய பயிற்சிகளில் கற்பித்தலோடு எழுத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன. நடப்பில் அதற்கு ஈடாக நாம் காட்டுவது, 2019இல் கட்டாயமாக்கப்பட்ட ஆய்வு, வெளியீட்டு நெறிகள் பற்றிய 30 மணி நேரத் தாளைத்தான். அறம், இதழ்த் தரம், தரவுத்தளங்கள், எழுத்துத் திருட்டைக் கண்டறியும் மென்பொருள் எல்லாம் அதில் உண்டு, தேவையானவையே. பிறர் ஆய்வைத் தன் சொற்களில் சுருக்கி, அதற்குத் தன் பதிலை எழுதிப் பழக அதில் இடமில்லை.

தண்டனையை மட்டும் நுணுக்கமாக வகுத்திருக்கிறோம். எழுத்துத் திருட்டு குறித்த யு.ஜி.சி.யின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டினால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும்; 40ஐத் தாண்டினால் ஓராண்டுத் தடை; 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. இதற்கு அஞ்சும் மாணவர்கள் சொற்களை இடம் மாற்றி விழுக்காட்டைக் குறைக்கப் பார்க்கிறார்கள். வசதியுள்ளவர்கள் ஆய்வேட்டை எழுதித் தரும் கடைகளுக்குப் போகிறார்கள். அந்தக் கடைகள் நடப்பது எல்லோருக்கும் தெரியும். தமிழில் ஆய்வேடு எழுதுகிறவர் நிலை இன்னும் மோசம். எழுத்துப் பட்டறை என்று எப்போதாவது நடப்பதும் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது.

அங்கீகாரம் பெற்ற இணையவழிப் படிப்பைக் கிரெடிட்டுக்குப் பரிந்துரைக்கும் அதிகாரத்தை 2022 விதிகள் ஆய்வு ஆலோசனைக் குழுவுக்குத் தந்திருக்கின்றன. முகம் தெரியாத ஆசிரியரின் காணொளிக்குத் தரும் கிரெடிட்டை, எதிரில் உட்கார்ந்து திருத்தும் ஆசிரியரின் உழைப்புக்குத் தர ஏன் தயங்க வேண்டும்? ஆய்வெழுத்துத் தனிப்பயில் தாள் என்று பொதுவான குறியீட்டு எண் ஒன்றைப் பாடத்திட்டக் குழு ஒருமுறை ஒதுக்கிவிட்டால் போதும். யார், எந்த மொழியில், எதை எழுதுவது என்பதை அந்தந்த ஆலோசனைக் குழு முடிவு செய்துகொள்ளும். ஓர் உதவிப் பேராசிரியர் 4 ஆய்வாளர்கள் வரையும் பேராசிரியர் 8 பேர் வரையும் வழிநடத்தலாம் என்கிற விதி இருக்கும்போது, அவர்களின் பக்கங்களைப் படிக்கும் நேரத்தைப் பணிச்சுமைக் கணக்கில் சேர்ப்பதும் நியாயம்தான். உயர்கல்வித் துறை அடுத்த கல்வியாண்டுச் சேர்க்கைக்கு முன்பே இதற்கான சுற்றறிக்கையை எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வு நெறியாளர்,
தென்காசி மாவட்டம்