வாகனங்களுக்கு ஒரே மொழி போதும்

2022-ம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்பது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. இவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள். இருபது பேரளவில் நடந்து சென்றவர்கள். காலையில் வேலைக்குப் புறப்பட்டு இரவில் வீடு திரும்ப வேண்டிய சாமானியர்களே இதில் அதிகம். இந்த உயிர்களில் ஒரு பகுதியையேனும் காக்கவல்ல சாதனம் ஒன்று உண்டு. அது பல நாடுகளில் இன்னும் தேங்கிக் கிடப்பதற்கு விஞ்ஞானத்தின் குறை மட்டும் காரணம் அல்ல. காற்றில் உள்ள இடம் யாருக்கு என்ற தகராறும் ஒரு பெரிய காரணம்.

சாதனம் எளிமையானது. ஒவ்வொரு வாகனமும் தான் இருக்கும் இடம், போகும் வேகம், திசை, பிரேக் போட்டதா என்ற விவரங்களை நொடிக்குப் பத்து முறை வரை ரேடியோ மூலம் அறிவித்துக்கொண்டே போகும். சில நூறு மீட்டருக்குள் வரும் மற்ற வாகனங்கள் அதைக் கேட்டுக்கொள்ளும். வளைவுக்கு அப்பால் நின்றுவிட்ட லாரியையும், முன்னே போகும் பஸ் மறைத்துக்கொண்ட வண்டியையும், டிரைவரின் கண் காணுமுன் கருவி கண்டு எச்சரிக்கும்.

ஆனால் இதற்கு உலகில் இரண்டு முறைகள் தோன்றிவிட்டன. ஒன்று வைஃபையின் வழிவந்தது. காது கொடுத்துக் கேட்டு, சந்தடி இல்லாதபோது பேசும். மற்றது செல்போனின் வழிவந்தது; செயற்கைக்கோளின் நேரத்தோடு கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டு, தனக்கு வேண்டிய நேரத்துண்டுகளை முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும். கியூவில் நின்று வந்தவரும் ரிசர்வ் செய்து வந்தவரும் ஒரே ஸீட்டில் உட்கார வந்தால் என்ன நடக்கும்? ஒரே அலைவரிசையில் இரண்டையும் விட்டால் அதுவே நடக்கும். ஒன்றின் பேச்சு மற்றதற்கு வெறும் இரைச்சல். வாகன நெரிசல் மிகுந்த இடத்தில், அதாவது எச்சரிக்கை மிக அவசியமான இடத்தில்தான், மோதலும் மிகும். தனித்தனி இடம் கொடுத்துவிட்டாலோ, ஒரு முறை வாகனம் மறுமுறை வாகனத்தைக் கேட்கவே கேட்காது.

அமெரிக்கா 1999-லேயே 5.9 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 75 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை வாகனங்களுக்கென ஒதுக்கியது. இருபது ஆண்டுகள் கடந்தும் அதைப் பயன்படுத்திய வாகனங்கள் மிகச் சொற்பமே. காலியாகக் கிடந்த இடத்தின் மேல் மற்றவர் கண் விழுந்தது. 2020 நவம்பரில் 45 மெகாஹெர்ட்ஸ் வைஃபைக்குப் போயிற்று. மிஞ்சிய 30 மெகாஹெர்ட்ஸ் செல்போன் வழி முறைக்கு என்று முடிவாயிற்று. வழக்குத் தொடர்ந்தவர்கள் 2022-ல் தோற்றார்கள். பழைய முறைக்கு விடைகொடுக்கும் இறுதி விதிகள் 2024-ல்தான் வந்தன. முடிவுக்கு வரவே கால் நூற்றாண்டு!

ஐரோப்பாவில் வேறு கதை. வைஃபை வழி முறைக்கு முன்னுரிமை தர ஐரோப்பியக் கமிஷன் கொண்டுவந்த விதியை 2019-ல் உறுப்பு நாடுகள் நிராகரித்தன. அடுத்த ஆண்டு எந்த முறைக்கும் சார்பின்றி இடம் விரிவாக்கப்பட்டது. அதில் ஒரு பகுதியில் நகர ரயில்களுக்கு முன்னுரிமையும் தரப்பட்டது.

ரயிலுக்கு ஏன் அந்தக் காவல்? 2012 நவம்பரில் சீனாவின் ஷென்ஜென் நகர மெட்ரோ ரயில்கள் நடுவழியில் திடீரென நின்றன. பயணிகளின் கையிலிருந்த சிறு வைஃபை கருவிகளும் ரயிலின் சிக்னல் ரேடியோவும் ஒரே இடத்தில் பேசியதே காரணம் என்று கூறப்பட்டது. உயிர்காக்கும் பேச்சையும் பொழுதுபோக்கும் பேச்சையும் ஒரே சந்தையில் விட்டால் இதுதான் கதி. சீனா 2018-ல் சாலை வாகனங்களுக்கென 20 மெகாஹெர்ட்ஸ் ஒதுக்கி, செல்போன் வழி முறை ஒன்றையே தேர்ந்துகொண்டது.

பிறர் பட்டதைப் பார்த்தேனும் இந்தியா மூன்று விஷயங்களில் உறுதியாக நிற்க வேண்டும். முதலாவது, நாடு முழுவதற்கும் ஒரே முறை. ஓசூரில் தமிழகத்தைத் தாண்டும் லாரி மகாராஷ்டிரம் கடந்து குஜராத் வரை போகிறது. இரவு பஸ்கள் மூன்று மாநிலங்களைக் கடக்கின்றன. மனிதருக்குப் பல மொழி இருக்கலாம், இருக்கவும் வேண்டும். வாகனத்துக்கு மட்டும் ஒன்றே வேண்டும். இரண்டாவது, ஒதுக்கிய இடத்தை வேறு யாரும் ஆக்கிரமிக்காதபடி காப்பதோடு, அதைப் பயன்படுத்தக் கெடுவும் வைக்க வேண்டும். காலி மனை காலியாகவே கிடந்தால் அமெரிக்காவில் நடந்தது இங்கும் நடக்கும். மூன்றாவது, கருவி விலை உயர்ந்த கார்களோடு நின்றுவிடக் கூடாது. பஸ், லாரியில் கட்டாயமாக்கி, இரு சக்கர வண்டிக்கும் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கச் செய்ய வேண்டும். சாகிறவர்களில் பெரும்பாலோரை விட்டுவிட்டு யாரைக் காப்பாற்றப் போகிறோம்?

குண்டும் குழியுமான சாலையையும், குடித்துவிட்டு ஓட்டுவதையும் ரேடியோ திருத்திவிடாது. ஆனாலும் செய்யக்கூடியதைச் செய்யாமல் இருக்க அது சாக்கு அல்ல. 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ரயில்வேயின் பாதுகாப்புக்கென 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் 5 மெகாஹெர்ட்ஸ் ஒதுக்கியது. தண்டவாளத்தில் போகிறவர்களுக்குக் காட்டிய அந்த அக்கறை, தார்ச்சாலையில் போகிறவர்களுக்கும் தாமதமின்றிக் கிடைக்க வேண்டும்.