லாயர் என்றால் எந்த லாயர்?



ஜோகூர் பாலத்தைத் தாண்டியதும் சிங்கப்பூர்ப் பக்கம் முதலில் வரும் குடியிருப்புகளில் ஒன்று மார்சிலிங். இன்று அது அடுக்குமாடி வீடுகள் நிறைந்த ஊர். ஒரு காலத்தில் அதுவும் நம் தோட்டங்களைப் போல ரப்பர் தோட்டமாகத்தான் இருந்தது. இப்போது நம் பிள்ளைகள் அங்கே அறை எடுத்துத் தங்கி, சுற்றுவட்டாரத்துத் தொழிற்சாலைகளில் உழைக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு விபத்தோ வழக்கோ வந்துவிட்டால், சேதி லயத்துக்கு வந்து சேர்ந்ததும் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "முதலில் ஒரு லாயரைப் பிடி!"

எந்த லாயரை? எதற்காக? லாயரே தேவைதானா? இதைத் தெரிந்து கொள்ளாமல் நகையை அடகு வைத்துப் பணம் கட்டிய குடும்பங்கள் உண்டு. ஆகவே இந்த இதழில் அதைப் பார்ப்போம்.

இங்கிலாந்தில் லாயர்கள் இரண்டு வகை. அலுவலகத்தில் அமர்ந்து பத்திரம், உயில், கடிதம் எழுதுபவர் சொலிசிட்டர். கோர்ட்டில் அங்கி அணிந்து வாதாடுபவர் பாரிஸ்டர். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இந்தப் பிரிவு இல்லை. இரண்டு வேலைக்கும் ஒருவரே உரிமை பெற்றவர். பெயர்ப்பலகையில் 'அட்வகேட் அண்ட் சொலிசிட்டர்' என்று எழுதியிருப்பதன் பொருள் இதுதான். ஆனாலும் எல்லா டாக்டரும் கண் ஆபரேஷன் செய்வதில்லை அல்லவா? அதுபோல, வீட்டுப் பத்திரம் எழுதியே பழகியவரிடம் கொலை வழக்கைக் கொண்டு போகக் கூடாது. "இம்மாதிரி வழக்கு நடத்தியிருக்கிறீர்களா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பது குற்றமல்ல.

இன்னும் சிலரை நாம் லாயர் என்று தவறாக நினைத்துக் கொள்கிறோம். 'கமிஷனர் ஃபார் ஓத்ஸ்' என்பவர், நீங்கள் சத்தியம் செய்து கையெழுத்திட்டீர்கள் என்பதற்கு மட்டுமே சாட்சி. அந்தத் தாளில் இருப்பது உங்களுக்கு நல்லதா, கெட்டதா என்று சொல்வது அவர் வேலையல்ல. 'நோட்டரி பப்ளிக்' என்பவர், வெளிநாட்டில் காட்ட வேண்டிய பத்திரங்களை உறுதிப்படுத்துபவர். கோர்ட்டில் பேசும் அரசாங்க வழக்கறிஞர் அரசுத் தரப்புக்காக நிற்பவர். உங்கள் ஆள் அல்லர். தமிழ் மொழிபெயர்ப்பாளர் சொன்னதை மொழிபெயர்ப்பாரே தவிர யோசனை சொல்ல மாட்டார். அவர் சொல்வது புரியாவிட்டால் தலையாட்டாதீர்கள். "புரியவில்லை" என்று உரக்கச் சொல்லுங்கள்.

வழக்குகளும் இரண்டு வகை. கிரிமினல் வழக்கில் அரசாங்கம் ஒருவர் மீது குற்றம் சாட்டுகிறது. நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிப்பது அரசாங்கத்தின் பொறுப்பு. குற்றவாளிக்காக ஏன் ஒரு லாயர் வாதாட வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். நிரூபிக்கப்படும் வரை அவர் குற்றவாளியே அல்லர் என்பதுதான் பதில். செம்பவாங் கடற்படைத் தளத்தில் வளர்ந்து, சிங்கப்பூரின் பெயர்பெற்ற கிரிமினல் வழக்கறிஞராக விளங்கி, 2015-ல் காலமான சுபாஸ் ஆனந்தன், பலரும் வெறுத்து ஒதுக்கியவர்களுக்காகவும் கோர்ட்டில் நின்றவர்.

சிவில் வழக்கு என்பது இருவருக்கிடையே நடப்பது. கடன், வாடகை, நஷ்ட ஈடு, விவாகரத்து எல்லாம் இதில் சேரும். யார் சொல்வது நடந்திருக்க அதிக வாய்ப்புண்டு என்று நீதிபதி இதில் நிறுத்துப் பார்ப்பார்.

1826-ல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றுக்கும் ஆங்கிலச் சட்டமுறை வந்தது. அதன் சிறப்பு, முந்தைய தீர்ப்பே பிந்தைய வழக்குக்கு வழிகாட்டி என்பது. ஒரு கதை சொல்கிறேன். 1928-ல் ஸ்காட்லாந்தில் மே டோனஹ்யூ என்ற ஏழைப் பெண்ணுக்குத் தோழி ஒரு புட்டி ஜிஞ்சர் பியர் வாங்கிக் கொடுத்தாள். பாதி குடித்த பிறகு புட்டியிலிருந்து அழுகிய நத்தை ஒன்று வந்து விழுந்தது என்பது அவள் புகார். காசு கொடுத்தவள் தோழி. ஆகவே கடைக்காரருக்கும் இவளுக்கும் ஒப்பந்தம் இல்லை. இவளோ தயாரித்தவர் மீதே வழக்குப் போட்டாள். கையில் காசில்லாதவள் என்று கோர்ட்டில் பதிந்து கொண்டு லண்டன் பிரபுக்கள் சபை வரை போனாள். நம் கவனக்குறைவால் யாருக்குத் தீங்கு வரும் என்று முன்கூட்டியே தெரியுமோ, அவர்களிடம் கவனமாக நடப்பது நம் கடமை என்று 1932-ல் தீர்ப்பாயிற்று. இன்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கவனக்குறைவு வழக்குகள் அந்தத் தீர்ப்பின் வழியில்தான் நடக்கின்றன.

இனி உங்கள் மகனுக்கு வருவோம். சிங்கப்பூரில் வேலையின்போது அவன் கை இயந்திரத்தில் சிக்கியது என்று வைத்துக் கொள்ளுங்கள். வழி இரண்டு. ஒன்று, வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம். இதில் முதலாளி மீது தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை, லாயரும் தேவையில்லை. மருத்துவச் செலவு, விடுப்புக் காலச் சம்பளம், நிரந்தர ஊனத்துக்குத் தொகை ஆகியவை கிடைக்கும். தொகைக்கு உச்சவரம்பு உண்டு. விபத்து நடந்து 1 ஆண்டுக்குள் கோர வேண்டும். முதலாளி தெரிவிக்காவிட்டால் மகனே மனிதவள அமைச்சிடம் தெரிவிக்கலாம். வேலை பெர்மிட் ரத்தானாலும் உரிமை போகாது. இரண்டாவது வழி, கவனக்குறைவு என்று சிவில் வழக்குப் போடுவது. அதற்கு 3 ஆண்டு அவகாசம் உண்டு. லாயரும் ஆதாரமும் வேண்டும். தோற்றால் செலவு தலையில் விழும். இரண்டு வழியிலும் நஷ்ட ஈடு வாங்க முடியாது. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் தரகர்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே வந்து நிற்பார்கள். "எல்லாம் நான் பார்த்துக் கொள்கிறேன், கிடைப்பதில் இத்தனை பங்கு" என்பார்கள். வழக்கு நடத்தும் லாயர் நஷ்ட ஈட்டில் பங்கு பேசுவதைச் சிங்கப்பூர்ச் சட்டமும் அனுமதிப்பதில்லை, மலேசியச் சட்டமும் அனுமதிப்பதில்லை. தரகருக்குப் பங்கு ஏது?

லாயர் உள்ளே நுழையவே முடியாத இடங்களும் உண்டு. மார்சிலிங்கில் வாடகை அறையைக் காலி செய்த பின் முன்பணத்தைத் திருப்பித் தரவில்லையா? 2 ஆண்டுக்கு மேற்படாத வாடகை ஒப்பந்தமானால், 1985 முதல் நடந்துவரும் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 20,000 வெள்ளி வரை கேட்கலாம். இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை. சம்பளம் தரவில்லையா? முதலில் சமரசப் பேச்சு. அதில் தீராவிட்டால் 2017-ல் ஏற்பட்ட வேலை தொடர்பான கோரிக்கை நடுவர் மன்றம். வேலையை விட்டவர் 6 மாதத்துக்குள் புகார் செய்ய வேண்டும். இரண்டு மன்றங்களிலும் அவரவரே பேச வேண்டும். ஆகவே ரசீது, சம்பளச் சீட்டு, ஒப்பந்தத் தாள் எதையும் எறியாதீர்கள்.

லாயர் தேவை, பணமில்லை என்றால்? சிங்கப்பூரில் 1958 முதல் சட்ட உதவிப் பிரிவு சிவில் வழக்குகளுக்கு உதவி வருகிறது. ஆனால் அது சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. பெர்மிட்டில் வேலை செய்யும் பிள்ளைகள் அதை நம்பி இருக்க முடியாது. மரண தண்டனை விதிக்கக்கூடிய வழக்குகளில் மட்டும், எந்த நாட்டவராயினும் பணமில்லை என்றாலும், உயர் நீதிமன்றத்தில் வாதாட வழக்கறிஞர் ஏற்பாடு செய்து தரப்படுவார். மலேசியாவில் நடக்கும் வழக்குக்கு, 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வசதியற்றவர்களுக்கு உதவும் அரசாங்கச் சட்ட உதவி அலுவலகத்தை நாடலாம்.

கடைசியாக நாலு வார்த்தை. பிள்ளைகளுக்கு எழுதிப் போடுங்கள், போனிலும் சொல்லுங்கள்.

வெற்றுத் தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதே.

எந்த வாக்குமூலத்தையும் தமிழில் படித்துக் காட்டச் சொல். தவறிருந்தால் திருத்தச் சொல்.

கட்டணம் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கு. கொடுத்த பணத்துக்கு ரசீது கேள்.

விபத்து நடந்த தேதியைக் குறித்து வை; தவணை தாண்டினால் நல்ல லாயரும் கைவிரிப்பார்.

சட்டம் படித்தவர்களுக்கு மட்டும் உரியதல்ல. ஜிஞ்சர் பியர் புட்டிக்காக லண்டன் வரை போன பெண்ணும் கையில் காசில்லாதவள்தான். எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பதை அறிந்து, தவணைக்குள் தட்டினால் நமக்கும் அது திறக்கும்.

அடுத்த இதழில், உயில் எழுதுவது பற்றிப் பார்ப்போம்.