கனவுச் சரக்கும் கடைக்காரர் நேர்மையும்

பருப்பு விலை, தராசு முத்திரை, ஜி.எஸ்.டி. படிவம் என்றே பக்கங்களை நிரப்பும் நமது இதழில் ஓர் இசைக் கருவிக்கு என்ன வேலை என்று வணிகப் பெருமக்கள் நினைக்கலாம். அந்தக் கருவி கைமாறும் விதத்தில் நம் தொழிலுக்கு நெருக்கமான ஒரு வழக்கு இருக்கிறது. அதில் நம் உறுப்பினர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து இருக்கும் என்பதால்தான் எழுதுகிறோம்.

கருவியின் பெயர் உகுலேலே. கிதாரைச் சுருக்கிவிட்டது போன்ற உருவம், நான்கு தந்திகள். சிறிய வகை ஒரு முழத்துக்குச் சற்றே கூடுதலான நீளம்தான் இருக்கும். ஹவாய்த் தீவுகளின் அடையாளமாக உலகம் இதை அறியும். அமெரிக்கா, இங்கிலாந்து, ஜப்பான் போன்ற நாடுகளில் இதன்மேல் பித்துக் கொண்டவர்கள் ஏராளம். அவர்களில் பலருடைய மனத்தில், என்றாவது கைக்கு வந்து சேர வேண்டும் என்று ஏங்கும் ஒரு 'கனவு உகுலேலே' குடியிருக்கிறது. அது பெரும்பாலும் புதிதாகக் கடையில் கிடைக்கும் சரக்கு அல்ல. நூறு ஆண்டுக்கு முன்பு செய்யப்பட்டு, யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் தூசி படிந்து கிடப்பது. அதைத் தேடி ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பழம்பொருள் சந்தைக்குப் போவார்கள். வீட்டைக் காலி செய்து விற்பவர்களின் வாசலில் நிற்பார்கள். "இதற்கு மேல் எத்தனை வேண்டும்?" என்று வீட்டுக்காரம்மா கேட்டால், "இன்னும் ஒன்றே ஒன்று" என்பார்கள். இது ஒரு நோய் என்று அவர்களே சொல்லிச் சிரித்துக் கொள்கிறார்கள். பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசனும் இந்த வகைதான். ஒரு நாள் டாம் பெட்டி என்ற பாடகர் வீட்டுக்கு வந்து வாசித்துக் காட்டிவிட்டு, போகும்போது நான்கு உகுலேலேக்களை அங்கேயே விட்டுப் போனாராம்.

இந்தப் பித்துக்குக் காரணம் தெரிய, சரக்கின் வரலாறு கொஞ்சம் தெரிய வேண்டும். 1879 ஆகஸ்டு 23-ல் ரேவன்ஸ்கிராக் என்ற கப்பல் போர்ச்சுகலின் மதேரா தீவிலிருந்து ஹொனலுலு வந்து சேர்ந்தது. கரும்புத் தோட்ட வேலைக்காக வந்த 400-க்கும் மேற்பட்டவர்கள் அதில் இருந்தனர். மானுவல் நுனெஸ், அகுஸ்தோ டியாஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சாந்தோ என்ற மூன்று மரவேலைக்காரர்களும் அவர்களோடு இறங்கினர். ஒப்பந்த வேலை முடிந்ததும் சில ஆண்டுகளில் ஹொனலுலுவில் பட்டறை வைத்தார்கள். தங்கள் ஊர் மஷேட் என்ற சிறு கருவியை, ஹவாயில் மட்டுமே விளையும் கோஆ மரத்தில் செய்து விற்றார்கள். கோஆ நம் கருவேலத்துக்கு உறவு முறை. ஆனால் நல்ல கட்டையாக அமைந்தால் பட்டுப்புடவையைப் போல ஒளி புரளும். கலாகவா மன்னர் இந்தக் கருவியை விரும்பி ஆதரிக்க, அரண்மனைச் சரக்கு என்ற மதிப்பு அதற்கு வந்துவிட்டது. விரல்கள் துள்ளுவதைப் பார்த்து 'குதிக்கும் தெள்ளுப்பூச்சி' என்று மக்கள் பெயர் வைத்ததாகச் சொல்வார்கள்.

1915-ல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா-பசிபிக் பொருட்காட்சியில் ஹவாய்க் கலைஞர்கள் வாசித்தார்கள். அதன்பின் அமெரிக்கா முழுவதும் உகுலேலே மோகம் பிடித்தது. தேவை பெருகியதும் என்ன நடக்கும் என்று வியாபாரிக்குச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்கப் பெருநிலத்து ஆலைகள் சில தங்கள் சரக்கில் ஹவாய் என்ற பெயரைப் பொறித்து இறக்கின. தீவிலே கையால் செய்தவன் போட்டி போட முடியாமல் தவித்தான். கடைசியில் ஹவாய்க்காரர்கள் அரச சின்னத்தோடு 'டாபு' என்ற சொல்லையும், ஹவாயில் செய்யப்பட்டது என்ற வாசகத்தையும் சேர்த்து முத்திரையாகக் குத்தத் தொடங்கினார்கள். டாபு என்றால் விலக்கப்பட்டது, தொடாதே என்று பொருள். ஊர்ப் பெயரைச் சொல்லி வேற்று ஊர்ச் சரக்கை விற்பது நம் கடைத்தெருவிலும் உண்டு. அதனால் அசல் சரக்குக்காரன் படும் பாட்டை நாம் அறிவோம். இன்று பழைய உகுலேலே கிடைத்தவர் முதலில் செய்யும் காரியம், விளக்கைப் பிடித்துக்கொண்டு அந்த டாபு முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதுதான்.

அதற்காகப் பெருநிலத்தில் நல்ல சரக்கே வரவில்லை என்று சொல்லிவிட முடியாது. பென்சில்வேனியா மாநிலம் நாசரெத் ஊரில் மார்ட்டின் கம்பெனி 1833 முதல் கிதார் தொழிலில் இருக்கும் குடும்ப நிறுவனம். 1907-ல் அவர்கள் செய்து பார்த்த உகுலேலே எடுபடவில்லை. கிதாரைப் போல உள்ளே கனமான தாங்குபட்டைகளை ஒட்டியிருந்ததால் ஓசை எழும்பவில்லை. மரத்தை மெல்லியதாக்கி, பட்டைகளைக் குறைத்து 1916-ல் மீண்டும் இறங்கினார்கள். அப்புறம் ஓட்டம்தான். 1926-ல் மட்டும் 14,000-க்கும் மேற்பட்ட உகுலேலேக்கள் அந்த ஆலையிலிருந்து வெளியேறின. எண் 0 என்ற எளிய ரகம் முதல் எண் 5 வரை தரம் பிரித்து விற்றார்கள். எண் 5-ல் கோஆ மரத்தில் செய்ததை 5-கே என்பார்கள். தேர்ந்தெடுத்த வரிக்கோஆ, ஓரமெல்லாம் மின்னும் சிப்பிப் பதிப்பு. விலை மிகுதியால் அன்றே குறைவாகத்தான் செய்தார்கள். கனவு உகுலேலே எது என்று கேட்டால் பெரும்பாலோர் முதலில் சொல்வது இதைத்தான். எளிய ரகம் இன்று சில நூறு டாலருக்கு அகப்படும். 5-கே என்றால் பல ஆயிரம் டாலர்.

இனிதான் வழக்கு.

ஒரு மூதாட்டி தன் தகப்பனாரின் பழைய பெட்டியைக் கடைக்கு எடுத்து வருகிறார் என்று வைத்துக் கொள்வோம். உள்ளே இருப்பது 5-கே. அவருக்குத் தெரியாது. மார்ட்டின் உகுலேலேக்களில் தொடக்க காலத்துச் சிலவற்றைத் தவிர வரிசை எண் கிடையாது. ஆகவே எண்ணைச் சொல்லி யாரிடமும் விசாரிக்கவும் வழியில்லை. கைப்பழக்கம் உள்ளவன்தான் கண்டுபிடிப்பான். தலைப்பகுதியின் பின்னே அழுத்திய முத்திரையா, 1930-களில் வந்த ஒட்டுப்படமா? தந்தியை முறுக்கும் பிருடை மரமா, உலோகமா? ஓசைத் துளை வழியாகப் பார்த்தால் உள்ளே என்ன தெரிகிறது? இவையெல்லாம் கடைக்காரர் அறிந்தவை. எதிரே நிற்பவர் அறியாதவை. அவர் கேட்பது ஒன்றே: "இதற்கு என்ன தருவீர்கள்?"

ஐம்பது டாலரை நீட்டினால் அவர் சந்தோஷமாக வாங்கிப் போய்விடுவார். சட்டத்திலும் பெரிதாகச் சிக்கல் வராது. "நான் இருபது வருடம் கற்ற அறிவுக்கு அதுதான் கூலி, விற்பவர் விசாரித்துவிட்டு வந்திருக்க வேண்டும்" என்று வாதாடுகிறவர்கள் அந்தத் தொழிலிலும் உண்டு, நம் தொழிலிலும் உண்டு. இந்த வாதத்தை நாம் ஏற்கவில்லை. அறிவுக்குக் கூலி வேண்டும் என்பதில் நமக்குக் கருத்து வேறுபாடு இல்லை. அதை லாப விகிதமாக வெளிப்படையாக எடுக்க வேண்டும். பழுது பார்க்கும் செலவு, விற்கும் வரை முடங்கும் முதல், கடை வாடகை எல்லாவற்றையும் சொல்லி, விற்கும் விலையில் பாதியளவு தருகிறேன் என்றால் அது வியாபாரம். சரக்கு இன்னதென்றே சொல்லாமல் மறைத்து வாங்குவது, தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டுவதற்குச் சமம். கமிஷன் அடிப்படையில் விற்றுத் தருகிறேன் என்று சொல்வது இன்னும் நல்லது. பழைய இசைக் கருவிக் கடைகளில் இந்த முறை வழக்கத்தில் இருக்கிறது. நம் கமிஷன் மண்டிகளில் விவசாயி மூட்டையை இறக்கிவிட்டு விற்ற விலையில் தரகு கழித்துப் பணம் வாங்கிப் போவது போலத்தான். விலை உயர்ந்தால் இருவருக்கும் ஆதாயம், ஒளிக்க எதுவுமில்லை.

சந்தையில் தரையில் விரித்து விற்பவரிடம் ஓர் ஆர்வலர் மலிவாக வாங்குவதும் இதே குற்றமா என்று கேட்பார்கள். அங்கே நாம் சற்று இளகுகிறோம். சந்தைக் கடைக்காரரும் வியாபாரிதான். ஒரு வண்டிச் சரக்கை மொத்தமாகப் பிடித்து வந்து, எது போனாலும் லாபம் என்று விலை சொல்கிறார். வாங்குபவரும் பத்து முறை ஏமாந்து ஒரு முறை வெல்பவர். கடைப் பலகை மாட்டி, 'பழைய கருவிகளுக்கு மதிப்பிட்டுத் தரப்படும்' என்று எழுதி வைத்திருப்பவர் நிலை வேறு. ஜனங்கள் அவரிடம் வருவதே அவர் சொல்லை நம்பித்தான்.

சந்தையில் கிடைத்த ஒரு பொருள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் ஓர் உதாரணம் சொல்லியாக வேண்டும். 1992-ல் ஜிம் பெலாஃப் என்பவர் கலிபோர்னியாவின் பாசடீனாவில் ரோஸ் பவுல் மைதானத்துப் பழம்பொருள் சந்தையில் ஒரு பழைய மார்ட்டின் உகுலேலேயை வாங்கினார். அப்போது பில்போர்டு என்ற இசைத்தொழில் பத்திரிகையில் வேலை. வாசிக்கப் பாட்டுப் புத்தகம் தேடினால் கடைகளில் சரியாக ஒன்றும் இல்லை. சரி, நாமே போடுவோம் என்று மனைவியோடு சேர்ந்து பதிப்பகம் தொடங்கினார். ஆங்கிலத்தில் பழம்பொருள் சந்தைக்குத் தெள்ளுப்பூச்சிச் சந்தை என்று பெயர். கருவியின் பெயரிலும் அதே பூச்சி. பதிப்பகத்துக்கு அதையே பெயராக்கிக் கொண்டார். 1997-ல் கருவியின் வரலாற்றைப் படங்களோடு புத்தகமாக்கினார். 1999 முதல் அவர் மைத்துனர் குடும்பம் புதுமாதிரி உகுலேலே ஒன்றைத் தயாரித்து விற்கத் தொடங்கியது. கனவுச் சரக்கைத் தேடுகிறவனைக் கிறுக்கன் என்று கடைக்காரர்கள் ஒதுக்குகிறார்கள். அவனுக்கு வேண்டிய தந்தி, உறை, புத்தகம் எல்லாம் யாரோ ஒருவர் விற்கத்தான் வேண்டும் என்பதைப் பெலாஃப் கண்டுகொண்டார்.

கனவு என்றால் விலை உயர்ந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. 1949 வாக்கில் மரியோ மக்காஃபெரி என்ற இத்தாலியக் கைவினைஞர் நியூயார்க்கில் பிளாஸ்டிக் உகுலேலே செய்தார். அருமையான கிதார்களை வடிவமைத்த மனிதர், பிளாஸ்டிக் துணிக் கிளிப்பும் செய்தவர். ஆர்தர் காட்ஃப்ரே என்ற தொலைக்காட்சி நடத்துநர் அதைப் புகழ்ந்து பேச, ஆறு டாலருக்குள் கிடைத்த அந்தச் சாமான் லட்சக்கணக்கில் விற்றது. சிறு வயதில் அதில் பழகிவிட்டு, வயதான பின் அதையேதான் வேண்டும் என்று தேடுகிறவர்கள் உண்டு. அவரிடம் போய் 5-கே பெருமை பேசி என்ன பயன்? வாடிக்கையாளர் கேட்கும் பொருளை விட்டு நமக்கு லாபமானதைத் தலையில் கட்டுவது கடைத்தெருவில் பழகிப்போன நோய்.

ஹொனலுலுவில் கமாகா குடும்பம் 1916 முதல் இன்றுவரை இதே தொழிலில் இருக்கிறது. தொடங்கியவர் சாமுவேல் கமாகா. அன்னாசிப்பழ வடிவ உகுலேலே அவர் கண்டது. 1928-ல் காப்புரிமையும் பெற்றார். 1953-ல் அவர் காலமான பிறகு மகன்கள் எடுத்து நடத்தினார்கள். காது கேளாதவர்களை வேலைக்கு வைத்தார்கள். மரத்தைத் தட்டும்போது எழும் அதிர்வை விரலால் உணர்ந்தே தகட்டின் கனத்தைச் சரி பார்ப்பதில் அவர்கள் தேர்ந்தவர்களானார்கள். 1954 முதல் 1969 வரை தங்க நிறச் சீட்டு ஒட்டி வந்த கமாகா உகுலேலேக்களும் இன்று பலருடைய கனவுப் பட்டியலில் இருக்கின்றன. தேவை இவ்வளவு இருந்தும் ஊரை விட்டுப் போய் மலிவாகச் செய்யாமல் ஹொனலுலுவிலேயே இருந்துவிட்டார்கள். கோஆ மரம் அந்தத் தீவில் மட்டும்தான் விளைகிறது. மாட்டு மேய்ச்சலால் காடும் குறைந்துவிட்டது. நினைத்த அளவு செய்யவும் முடியாது.

இந்தச் சரக்கை விற்பவர் வாங்குபவருக்கும் இரண்டு விஷயங்களைக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்பது நம் கருத்து. ஈரமான தீவுக் காற்றில் பிறந்த மெல்லிய பலகை, குளிர்காலத்தில் வெப்பமூட்டிய வறண்ட அறையில் வைத்தால் வெடித்துவிடும். பெட்டிக்குள் ஈரம் காக்கும் சிறு சாதனம் வைக்கச் சொல்லாமல் விற்பது, புழு வரும் மாதத்தில் பயறு மூட்டையை ஒன்றும் சொல்லாமல் தள்ளிவிடுவது மாதிரி. இன்னொன்று, சில பழைய கருவிகளில் விரல்பலகை பிரேசில் நாட்டு ஈட்டி மரத்தால் ஆனது. 1992 முதல் அந்த மரம் பன்னாட்டு வணிக உடன்படிக்கையில் மிகக் கடுமையான பட்டியலில் உள்ளது. எல்லை கடந்து அனுப்பினால் உரிய சான்று வேண்டும். இல்லாவிட்டால் பல ஆயிரம் டாலர் கொடுத்து வாங்கிய கனவு சுங்கச் சாவடியிலேயே தங்கிவிடும்.

மூதாட்டிக்கு ஐம்பது டாலர் நீட்டுவது சரிதான் என்று வாதாட விரும்பும் உறுப்பினர்கள் எழுதலாம். சுருக்கமாக எழுதினால் அடுத்த இதழில் வெளியிடுவோம்.