கனடாவை அறிவோம்: கை காட்டினால் நிற்கும் ரயில்

ரொறன்ரோவுக்கு வடக்கே ஏறத்தாழ 400 கிலோமீற்றரில் இருக்கும் சட்பரி நகரிலிருந்து வைற் றிவர் என்ற சிற்றூர் வரை ஒரு ரயில் ஓடுகிறது. வாரத்தில் மூன்று நாள் போகும், மூன்று நாள் திரும்பி வரும். 480 கிலோமீற்றர் கடக்க எட்டு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். பெட்டிகள் 1950களில் செய்தவை. எஞ்சின் என்று தனியாக ஒன்றில்லை. பெட்டிக்கு அடியிலேயே இருக்கிறது.

வழியில் உள்ள தரிப்பிடங்கள் பலவற்றில் கட்டிடமும் இல்லை, ரிக்கற் கொடுப்பவரும் இல்லை. ஒரு பெயர்ப்பலகை, சல்லிக்கல், பின்னால் காடும் ஏரியும். சில இடங்களில் பலகையும் கிடையாது, மைல் எண்தான் அடையாளம். நாடு கிலோமீற்றருக்கு மாறியும் ரயில்பாதை மைலை விடவில்லை. அந்த எண்ணும் பாதையின் ஒவ்வொரு பிரிவிலும் புதிதாகத் தொடங்கும். ஆகவே பிரிவின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வேறோர் ஏரிக்கரையில் நிற்பீர்கள்!

ஏறுவதற்கும் முன்கூட்டியே அறிவித்துவிட்டு, ரயில் கண்ணில் பட்டதும் கை காட்ட வேண்டும், ஊரில் பஸ்ஸை மறிப்பதுபோல. வள்ளத்தைக்கூடச் சாமான் பெட்டியில் ஏற்றுவார்கள்.

1990 ஜனவரியில் அரசாங்கம் வியா ரயில் சேவைகளில் ஏறக்குறைய பாதியை நிறுத்தியது. பல நகரங்களே ரயிலை இழந்தன. ஆள் குறைந்த இந்தச் சேவை தப்பியது. தெரு போகாத இடங்களில் இருப்பவர்களுக்கு வேறு வழி இல்லை என்பதே காரணம். ஒரு சில குடும்பங்களுக்காக ரயில் விடுவார்களா என்று நம்மவர்கள் கேட்பதுண்டு. இங்கே விடுகிறார்கள்.

கோடையில் போக விரும்புவோர் சிலவற்றைக் கவனியுங்கள். திரும்பும் ரயிலைத் தவறவிட்டால் அடுத்ததற்கு இரண்டு மூன்று நாள் காத்திருக்க வேண்டும். அதற்கும் சேர்த்துச் சாப்பாடு கொண்டு போங்கள். பெரும்பாலான இடங்களில் கைத்தொலைபேசி வேலை செய்யாது. ஜூன் மாதத்தில் கறுப்பு ஈ பிள்ளைகளை இரத்தம் வரக் கடிக்கும், ஓகஸ்ற் நல்லது. மீன் பிடிக்க 18 முதல் 64 வயது வரையானவர்களுக்கு ஒன்ராறியோ அனுமதிப்பத்திரம் தேவை.

ரயில் பிந்தினால் பதற வேண்டாம். பாதை சரக்கு ரயில் கம்பனிக்குச் சொந்தம். அவர்களுடைய நீண்ட வண்டிகளுக்கு இது ஒதுங்கி நின்று வழி விடும். ஆனால் காத்திருக்கும் நேரத்தில் பிள்ளைகளைத் தண்டவாளத்தில் நடக்க விடாதீர்கள். பயணிகள் ரயிலுக்குத்தான் நேர அட்டவணை. சரக்கு ரயில் எந்நேரமும் வரும்.