‘மதிப்புமிக்க’ என்ற சொல்லும் ஒரு விருதுச் சண்டையும்

பாவனை பேஸ்பால் லீக்குகளில் பருவம் முடிந்தபின் தொடங்கும் சண்டை, ஆட்டங்களைவிட நீளமானது. ‘மிக மதிப்புமிக்க வீரர்’ விருதுக்கு உறுப்பினர்கள் வாக்களிப்பர். முடிவு வெளியானதும் ஒரு சாரார் அதை அநீதி என்பர். மைதானமே இல்லாத ஆட்டத்துக்கு இத்தனை வாதமா என்று நகைப்போர் உண்டு. சொற்பொருளியல் பயில்வோர் நகைக்காமல் கவனிக்க வேண்டிய வாதம் இது என்று கருதுகிறேன்.

ஹால் ரிச்மன் 1961இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு வீரருக்கும் ஓர் அட்டை உண்டு. மூன்று பகடைகள் உருட்டப்படும். முதல் பகடையில் 1 முதல் 3 வரை விழுந்தால் மட்டையாளரின் அட்டையையும், 4 முதல் 6 வரை விழுந்தால் பந்தெறிபவரின் அட்டையையும் பார்க்க வேண்டும். மற்ற இரண்டின் கூட்டுத்தொகை, விளைவு எந்த வரியில் உள்ளது என்பதைக் காட்டும். ஆக, ஒருவரின் திறமை முழுவதும் நிகழ்தகவாக அட்டையிலேயே அச்சாகியுள்ளது. மெய்யான ஆட்டத்தில் எவருக்கும் கிட்டாத வசதி இது. அப்படியிருந்தும் விருது வாதம் ஓய்வதில்லை. தகவல் போதாமையால் எழும் வாதமாயின் இங்கே அது எழுந்தே இருக்கக்கூடாது.

மெய்யான ஆட்டத்திலும் இதுவே நிலை. 2012இல் அமெரிக்கன் லீக் விருதுக்கு மிகேல் கப்ரேராவும் மைக் ட்ரவுட்டும் போட்டியிட்டனர். கப்ரேரா 0.330 சராசரி, 44 ஹோம் ரன், அணிக்கு ஈட்டித்தந்த 139 ஓட்டங்கள் என மூன்றிலும் முதலிடம் பெற்றார். 1967க்குப் பின் எவரும் எட்டாத சாதனை அது. ட்ரவுட் 30 ஹோம் ரன் அடித்தார், 49 தளங்களைத் திருடினார், களத்தடுப்பிலும் சிறந்து விளங்கினார். 28 முதலிட வாக்குகளில் 22 கப்ரேராவுக்குச் சென்றன. அவருடைய அணி இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெற்றதே என்றனர் ஆதரவாளர்கள். ஆனால் அந்த அணி வென்றவை 88 ஆட்டங்கள். தகுதி பெறாத ட்ரவுட்டின் அணி வென்றவை 89. எண்களில் எவருக்கும் ஐயமில்லை. எந்த எண் ‘மதிப்பு’ என்பதில்தான் பிணக்கு.

தமிழில் பெயரடைகள் ஒப்பீட்டுக்காக வடிவம் மாறுவதில்லை. ‘இவர்களுள் சிறந்தவர்’ என்று ஒப்பீட்டு வட்டத்தை நாமே சொல்ல வேண்டும். ‘மதிப்பு’ என்ற சொல்லோ இன்னொரு வேற்றுமையையும் வேண்டி நிற்கிறது: யாருக்கு மதிப்பு? அணிக்கா, லீக்கிற்கா, வரலாற்றுக்கா? மெய்யான விருதை வழங்கும் அமெரிக்க பேஸ்பால் எழுத்தாளர் சங்கம், இதற்குத் திட்டவட்டமான வரையறை இல்லை என்று வாக்குச்சீட்டிலேயே ஒப்புக்கொள்கிறது.

வரையறை இல்லையெனில் ஏதேனும் ஒரு சூத்திரத்திடம் முடிவை ஒப்படைக்கலாம் என்பது பலரின் தீர்வு. சூத்திரமும் ஒரு பொருள்கோள்தான். உரையாசிரியர் யாரென்று மட்டும் அதில் தெரியாது. இன்னொரு சாரார், பகடையின் தயவால் எண்களைக் குவித்தவருக்கு விருது எதற்கு, சிறந்த அட்டைக்கே கொடுங்கள் என்கின்றனர். இதை நான் ஏற்கவில்லை. அட்டைக்குத்தான் விருது எனில் பருவத்தை ஆடவே தேவையில்லை; முதல் நாளிலேயே வழங்கிவிடலாம். விருது என்பது இறந்தகால வினைமுற்று. நிகழ்ந்ததற்கே அது உரியது, நிகழ்ந்ததில் பகடைக்கும் பங்குண்டு. அதே நியாயத்தால், களத்தடுப்பில் தடுக்கப்பட்ட ஓட்டங்களும் நிகழ்ந்தவையே; பட்டியலில் பெரிதாகத் தெரியவில்லை என்பதற்காக அவற்றைத் தள்ளலாகாது.

எனவே லீக்குகளுக்கு என் பரிந்துரை எளியது. ‘மதிப்பு’ என்றால் எது, யாருக்கு என்பதைப் பருவம் தொடங்குமுன் விதியில் எழுதுங்கள். வாக்களிப்பவர் ஒவ்வொருவரும் தம் காரணத்தை ஒரு வாக்கியத்தில் பதியட்டும். முடிவு தெரிந்தபின் செய்யும் வரையறை, வேண்டியவருக்குத் தைத்த சட்டையாகவே இருக்கும்.

‘சிறந்த ஆய்வேடு’, ‘தகுதியான விண்ணப்பதாரர்’ என்று தீர்ப்பெழுதும் நம் துறைகளுக்கும் இது பொருந்தும். அங்கே பகடை உருள்வது கண்ணுக்குத் தெரிவதில்லை. அட்டையும் யாரிடமும் இல்லை. அதனால் சொல்லின் பொருளை முன்கூட்டியே எழுதிவைக்கும் கடமை நமக்கு இன்னும் கூடுதல். மாற்றுக் கருத்துடையோர், தம் வரையறையோடு எழுதுக.